ஒரே ஆளுக்கு மூன்று இத்தா

உம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சமையலறையின் புகை விசிறியைக் கழற்றிக் கழுவியது. நான் நாற்காலியில் ஏறித் திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்தேன். உம்மா கீழே நின்று ரப்பர் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள். பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கரைக்கிற கிண்ணம் அது. எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணம் செய்யாத வேலை கிடையாது. இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு கோந்து போல உட்கார்ந்திருந்தது. உம்மா உள்ளே போய், பொய்ப்பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து வந்தாள்.

“இது பல்லுக்கு வச்சிருக்கிறது இல்லையா?”

“ரெண்டும் தின்னு தின்னு சேர்ந்த அழுக்குதானே. பிரஷ்ஷுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது?”

விசிறியைத் திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. உம்மா அதை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தாள்.

“லிஃப்டுக்கும் இப்படித்தான் மிச்சம் வைப்பியா, இன்ஜினியரம்மா?”

நான் லிஃப்ட் பரிசோதிக்கிற இன்ஜினியர். மாட்டுவது என் வேலை இல்லை, மாட்டியதைப் பார்ப்பதுதான் என்று சொன்னேன். “அதானே பார்த்தேன்” என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “இத்தா முடியட்டும். முதல்ல போகவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு” என்றாள். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே கொண்டுபோக வேண்டிய பொருள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒரு டப்பாவுக்குள் இருந்தது.

அந்த வாரம் முடியும் முன்பே உம்மா இறந்துபோனாள். இதயம் நின்றுவிட்டது. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தா என்றால், விவாகரத்தான பெண்ணோ கணவனை இழந்த பெண்ணோ அடுத்த கல்யாணத்துக்கு முன்னால், வெளியே போகாமல் வீட்டிலேயே காத்திருக்க வேண்டிய காலம். விவாகரத்துக்கு மூன்று மாதவிலக்கு. மரணத்துக்கு நான்கு மாதமும் பத்து நாளும். ஒரு கணவனுக்கு ஒரு முறை இருப்பார்கள். உம்மா ஒரே ஆளுக்கு மூன்று முறை இருந்தாள்.

உம்மா பொய்ப்பல் செய்பவள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கதவுக் கீல் போன்ற ஒரு கருவியில் பொருத்தி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். அவள் வேலை பார்த்த லேப் ஒரு அச்சகத்தின் பின்கட்டு. ஜன்னல் இல்லாத அறை, நீள மேஜை, நாலு ஸ்டூல், நாலு ஸ்பிரிட் விளக்கு. சுவர் முழுக்க யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டரில் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் எனக்கு அவை பயமாக இருந்ததில்லை. யாருக்கும் கோபமில்லாத வாய்கள் என்று நினைத்திருந்தேன்.

வாப்பா வேறொரு நாட்டில் துறைமுகக் கிரேன் ஓட்டினார். எனக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயதில், அந்த நாட்டு நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வாப்பா ஒரு தலாக் சொல்லிப் பதிவு செய்திருந்தார். அங்கே ஷரீஅத் என்பது அரசாங்கத்தின் சட்டம். தீர்ப்புச் சொல்கிற காஜி அரசு ஊழியர். முத்திரை அடித்தால் முடிந்தது.

உம்மா அழுதாளா என்று எனக்கு நினைவில்லை. லேபுக்கு ஆள் அனுப்பி மெழுகையும் கத்தியையும் வீட்டுக்கு வரவழைத்தது நினைவிருக்கிறது. சமையலறை மேஜை பல் மேஜையானது. முதல் இத்தா அப்படிப் போனது.

அந்தக் காலத்துக்குள்ளேயே வாப்பா அதே நீதிமன்றத்துக்குப் போய், மனைவியைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு தலாக் சொன்னவருக்கு இத்தா முடிவதற்குள் அந்த உரிமை உண்டு. மனைவியின் சம்மதம் தேவையில்லை. அவளுக்குத் தெரிவித்துவிடுவது நல்லது என்று அங்கே விதி இருந்தது. தெரிவிக்காவிட்டால் செல்லாது என்று இல்லை. வாப்பா தெரிவிக்கவில்லை. ஏன் தலாக் சொன்னார், ஏன் திரும்ப எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டவர் ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை? இப்போது அவரும் இல்லை. கேட்க ஆளில்லை.

பல வருடம் உம்மா தன்னை விவாகரத்தானவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. பல்பெட்டிக்காரர் வரும் வரை.

அவர் செயற்கைப் பல் விற்பவர். சின்னச் சின்ன மெழுகுப் பட்டைகளில் பற்களை ஆறாறாக ஒட்டி, சைஸ் வாரியாக, நிற வாரியாக ஒரு சூட்கேஸில் அடுக்கிக் கொண்டுவருவார். மனைவியை இழந்தவர். லேபில் எல்லோரும் அவரைப் பல்பெட்டிக்காரர் என்பார்கள். நான் பெட்டி மாமா என்பேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக லேபுக்குப் போய், மேஜைக் கோடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உம்மாவின் மேஜைக்கு எதிரே நின்று பெட்டியைத் திறக்காமல் மூடாமல் தடவிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்ல யார்கிட்ட பேசணும்?”

“எதுக்கு?”

“பேசத்தான்.”

“என்கிட்டதான் பேசணும். வேற ஆளில்ல.”

“அப்போ உங்ககிட்டயே கேட்டுடறேன். எனக்கு ஒரு துணை வேணும்.”

உம்மா மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டியபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “எந்த சைஸ், எந்தக் கலர்னு சொன்னாத்தானே எடுத்து வைக்க முடியும்?”

“அது நான் கேக்கற கேள்வியாச்சே!”

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் சிரித்துத் தன் விளக்கையே ஊதி அணைத்துவிட்டார்.

உம்மாவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். கேட்டால் எளிது போலத்தான் இருக்கிறது.

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த நாட்டில் கல்யாணம் என்பது பதிவு அலுவலகத்தின் விஷயம். வாப்பாவும் உம்மாவும் பிறந்த நாட்டில் நிக்காஹ் செய்து, இங்கே குடியேறியபோது அதைப் பதிந்திருந்தார்கள். ஒரு தரப்பு மட்டும் வெளிநாட்டில் சொன்ன தலாக்கை இங்குள்ள சட்டம் கண்டுகொள்ளாது. ஆகவே உம்மா இங்கே நீதிமன்றம் போனாள். வாப்பா வரவில்லை. தீர்ப்பு சீக்கிரமே கிடைத்தது. பதிவு அலுவலகம் உம்மாவை விவாகரத்தானவர் என்று எழுதிக்கொண்டது.

பள்ளிவாசல் இமாம் நிதானமான மனிதர். நிக்காஹ் செய்துவைக்கும் முன் பழைய தலாக்கை உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று வாப்பா இருந்த நாட்டு நீதிமன்றத்துக்கு எழுதினார். பதில் வந்தது. தலாக் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது, இன்னார் இன்னாரின் மனைவி.

“இத்தனை வருஷமா நான் கல்யாணம் ஆனவளா?” என்று உம்மா கேட்டாள்.

“அவங்க பதிவுல அப்படித்தாம்மா இருக்கு.”

“எனக்கே தெரியாமலா?”

“தெரியணும்னு கட்டாயம் இல்லையாம்.”

“நல்லாருக்கு ஹஜ்ரத். ஆளையே காணோம், ஆனா புருஷன். காத்து கருப்பு பிடிச்சா மாதிரியில்ல இருக்கு.”

இமாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தாடியை நீவினார். பள்ளிவாசல் கமிட்டியில் உட்கார்ந்து பேசி, கணவன் கைவிட்ட காரணத்தால் மணத்தை மார்க்கப்படி முறித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு இத்தா. இரண்டாவது. உம்மா மறுபடி மெழுகை வீட்டுக்கு வரவழைத்தாள்.

அது முடிந்தபோது பல்பெட்டிக்காரர்தான் அடுத்த முடிச்சைச் சொன்னார். சொல்லும்போது அவர் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கிடங்கு இருப்பது வாப்பா இருந்த அதே நாட்டில். வருடத்தில் பாதி நாள் அவர் அங்கேதான். உம்மாவை அங்கே கூட்டிப்போனால், அந்த நாட்டுப் பதிவின்படி அவர் இன்னொருவன் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறார். அங்கே அது குற்றம். தனக்கு வந்தால் பரவாயில்லை, உம்மாவுக்கு வந்தால் என்ன செய்வது என்றார்.

சரி, அங்கேயும் முறித்துவிடலாம் என்று உம்மா கிளம்பினாள். அந்த நீதிமன்றம் சொன்னது: இங்குள்ள சாதாரண நீதிமன்றத் தீர்ப்பு எங்களுக்குச் செல்லாது, பள்ளிவாசல் கமிட்டி நீதிமன்றமே அல்ல, நேரில் வந்து எங்கள் காஜியிடம் வழக்குப் போடட்டும். நேரில் போக விசா வேண்டும். மனைவி என்று பதிவான பெண்ணுக்கு விசா கொடுக்கக் கணவன் கையெழுத்து வேண்டும். வாப்பா கையெழுத்துப் போடவில்லை.

பிறந்த நாட்டில் இன்னொரு மாதிரி. அங்கே எல்லோருக்கும் பொதுவான நீதிமன்றம்தான். கல்யாணம், விவாகரத்து, வாரிசு என்று வந்தால் மட்டும் அவரவர் மார்க்கச் சட்டம். தாய்மாமா அங்கே இருந்தார். அவர் போய் விசாரித்துவிட்டு போனில் சொன்னார்: “கமிட்டி முறிச்சது சந்தேகந்தான்னு சொல்றாங்க தங்கச்சி. முஸ்லிம் நீதிபதி ஒருத்தர் தீர்ப்பு வேணுமாம். இல்லன்னா மச்சான் ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

“மச்சானை நீங்க புடிச்சுத் தாங்க. நான் வார்த்தையை வாங்கிக்கறேன்.”

மூன்று இடத்திலும் ஒரே வேதம். இமாமின் அலமாரியில் இருந்த அதே தடித்த நூல்கள்தான் அங்கிருந்த காஜிகளின் அலமாரியிலும் இருந்திருக்கும். ஓரிடத்தில் அது அரசின் கை. ஓரிடத்தில் அரசு அதற்கென்று ஒதுக்கிய தனி அறை. ஓரிடத்தில் அது அவரவர் மனசாட்சி. அரசுக்கு அதில் வேலையில்லை. உம்மா ஒருத்தி. நான் ஒரு லிஃப்டைப் பார்த்துவிட்டு ஓடலாம், ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவள். மூன்றாம் மாடியில் ஓடலாம், ஐந்தாம் மாடியில் ஓடக்கூடாது, ஏழாம் மாடியில் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர்கள் காத்திருந்தார்கள். நான் படித்து முடித்து வேலைக்குப் போனேன். பல்பெட்டிக்காரர் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. இங்கே இருக்கும்போது லேபுக்கு வந்து, தேவையில்லாத பல்லையெல்லாம் உம்மாவுக்கு எடுத்துக் காட்டுவார். அவருடைய சொந்தப் பற்கள் இதற்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. உம்மா அவருக்கு முழு செட் செய்துகொடுக்கிறேன் என்றாள். அச்சு எடுத்து, தாடை அளவும் எடுத்து லேபுக்கு வந்த வாரம்தான் தாய்மாமாவின் போன் வந்தது.

“மச்சான் மவுத் ஆயிட்டார் தங்கச்சி. இப்பத்தான் சேதி வந்துச்சு.”

உம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டார்” என்றாள். துக்கமா, கணக்கா என்று எனக்குப் புரியவில்லை.

“அங்க பதிவுல நீதான் பொண்டாட்டி. நீயும், அங்க கட்டின இன்னொரு பொம்பளையும். இத்தா இருந்துடு. இன்னைக்குப் புடிச்சு எண்ணிக்கோ.”

உம்மா அன்றைக்கே போய் இமாமைக் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

“எங்க பார்வையில அது முன்னமே முடிஞ்ச உறவும்மா. நீங்க இருக்க வேண்டியதில்ல.”

“உங்க பார்வை சரி ஹஜ்ரத். அவங்க பார்வையில?”

“அவங்க பார்வையில நீங்க விதவை.”

“அப்போ இருந்து தொலைச்சுடறேன். இதுக்கப்புறம் எந்த நாட்டுக்காரனும் என் விஷயத்துல வாயைத் திறக்கக் கூடாது.”

“பேணுதலுக்காக, சந்தேகமே வேணாம்னு இருக்கறதுல தப்பில்ல.”

வாப்பா எப்போது இறந்தார் என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியாது. இப்பத்தான் என்று தாய்மாமா சொன்னது செய்தியைத்தான். நாங்கள் மரணத்தை என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது இத்தாவில் உம்மா சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அப்படித்தான் இருந்தாள். இது முடிந்தால் மூன்று நாட்டிலும் அவள் யாருடைய மனைவியும் இல்லை. சமையலறை மேஜையில் மெழுகில் பல் நட்டுக்கொண்டே பாடுவாள். பாட்டில் பாதி வரி மறந்துபோய் அந்த இடத்தில் பல்லின் சைஸைப் போட்டுப் பாடுவாள்.

இத்தாவில் இருக்கும் விதவையிடம் நேராகக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, ஜாடையாகச் சொல்லலாம் என்று ஒரு சலுகை உண்டு. இமாம்தான் பல்பெட்டிக்காரருக்கு அதைச் சொல்லியிருக்கிறார். பெட்டி மாமா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பல் இல்லாமல் பேசியதில் பாதி காற்றாகப் போனது.

“மகளே, உம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். சும்மா பேச்சுவாக்குல சொல்லு. நான் பெயிண்ட் அடிச்சிருக்கேன்.”

“எதுக்கு மாமா?”

“வீட்டுக்கு. ரெண்டு பேர் இருக்கற மாதிரி அடிச்சிருக்கேன்.”

நான் போய்ச் சொன்னேன். உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்குப் பேரு ஜாடையா? மைக்கு வச்சுச் சொல்ற மாதிரி இருக்கு. ரெண்டு பேர் இருக்கற மாதிரி பெயிண்ட் எப்படி அடிக்கறதுன்னு கேட்டுட்டு வா.”

மெழுகுப் பல் தயாரானது. அதை ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்து, கடி சரியா, உதடு சரியா என்று திருத்திய பிறகுதான் கெட்டியாக வார்க்க முடியும். டாக்டரிடம் நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம். இத்தா முடிஞ்சதும் நானே போறேன்.”

“டாக்டர் பார்த்துப்பாரே.”

“டாக்டர் கடிக்கச் சொல்வார். சிரிக்கச் சொல்ல மாட்டார். நடுக்கோடு மூக்குக்கு நேரா இருக்கான்னு சிரிக்கும்போதுதான் தெரியும். அதை நான் பார்க்கணும்.”

சொன்னவள் உடனே திரும்பி டப்பாவில் ஈரப் பஞ்சை வைக்க ஆரம்பித்தாள். காது சிவந்திருந்தது. வெயிலில் மெழுகு இளகிவிடும் என்று டப்பா ஃப்ரிட்ஜுக்குப் போனது. பிறகு புகை விசிறியைக் கழுவினோம். பிறகு அவள் இல்லை.

இங்குள்ள ஆஸ்பத்திரி அவளை விவாகரத்தானவர் என்று எழுதியது. பிறந்த நாட்டுத் தூதரகத்தில் மணமானவர் என்று இருந்தது. வாப்பா இருந்த நாட்டுக்குத் தகவல் கொடுத்தேன். விதவை என்று பதில் வந்தது. எதையும் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் பதிலோடு வாப்பாவின் இறப்புச் சான்றும் இருந்தது. இமாம் துக்கம் கேட்க வந்தபோது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தேதியில் விரல் நின்றது.

“உம்மா எப்பம்மா இத்தாவுக்கு உட்கார்ந்தாங்க?”

“செய்தி வந்த அன்னைக்கு.”

“அதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் மவுத் ஆகியிருக்காரே.”

“செய்தி எங்களுக்குத் தாமதமாத்தான் வந்தது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார்.

“மவுத்தான நாள்ல இருந்துதான்மா இத்தா. செய்தி எப்ப வந்தா என்ன. எவ்வளவு நாள் கழிச்சு வந்துச்சோ, அந்த நாளும் அதுல கழிஞ்சு போகும்.”

“இங்க அப்படியா?”

“எல்லா இடத்துலயும்.”

“வாப்பா இருந்த நாட்டுலயும்?”

“அங்கயும்தான்.”

“தாய்மாமா ஊர்லயும்?”

“இதுல நம்மகிட்ட கருத்து வேறுபாடு இல்லம்மா.”

வேறெதிலும் ஒத்துப்போகாத மூன்று இடமும் இந்த ஒன்றில் ஒத்துப்போயிருக்கின்றன. அதை யாரும் உம்மாவிடம் சொல்லவில்லை. யாரும் மறைக்கவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாங்கள் புகை விசிறி கழுவிய அன்று உம்மாவின் இத்தா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலைத் திறந்துகொண்டு போயிருக்கலாம். நிக்காஹ் செய்திருக்கலாம். சாவது எப்படியும் செத்திருப்பாள். ஒரு மாதம் அந்தப் பெயிண்ட் அடித்த வீட்டில் இருந்துவிட்டுச் செத்திருப்பாள்.

இமாம் கண் கலங்கினார். “நான் தேதியைக் கேட்டிருக்கணும்” என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

ஜனாஸா தொழுகையின் போது பல்பெட்டிக்காரர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். உறவுக்காரர்கள் முகம் பார்க்கப் போனபோது அவர் போகவில்லை. எந்த நாட்டின் பதிவிலும் அவர் உம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். பெட்டி கையில் இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் முறை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

“உங்க பல் ஃப்ரிட்ஜ்ல இருக்கு மாமா. டாக்டர்கிட்ட கொடுத்துடட்டுமா?”

“இருக்கட்டும் மகளே.”

“வார்க்காம ரொம்ப நாள் வைக்க முடியாது. கோணிடும்.”

“கோணட்டும்.”

டப்பா இன்னும் மேல்தட்டில் இருக்கிறது. பஞ்சு காயும்போது நனைத்து வைக்கிறேன். மேலே ஆறு, கீழே ஆறு என்று முன்பற்கள், இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள், நடுவில் உம்மா கத்தி முனையால் கீறிய ஒரு மெல்லிய கோடு. அதை இரண்டு பஸ் மாறி டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டும். பெட்டி மாமாவின் வாயில் வைக்க வேண்டும். அவரைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.